தஸ்தகீர் ஏழுமலை

இங்கே காலையில் ஒருவரைப் பார்த்தால் உடனே விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. முதலில் உடம்பு நலமா என்று கேட்க வேண்டும். பிறகு வீட்டில் எல்லோரும் நலமா என்று. பிறகு "அக்பார்?" என்பார்கள், சேதி என்ன என்று. நல்ல சேதிதான் என்று சொன்ன பிறகு "உலூம்?" என்பார்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். ஒன்றுமில்லை, எல்லாம் நலம், இறைவனுக்கே புகழ் என்று சொல்லி முடிக்க வேண்டும். உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால் உட்கார வைத்து, பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு. ஓமன் நாட்டில் சோஹார் என்கிற துறைமுக ஊருக்கு நாங்கள் வந்து பதினேழு வருடமாகிறது. என் கணவர் ஏழுமலை இரும்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் இந்தியப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருக்கும் முராத் தினமும் இந்த வரிசை தவறாமல் என்னை விசாரிப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியின் வாட்ச்மேன் ஏழு வருடத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, பையில இன்னா கீது என்பது. அதனால் முராத்தின் விசாரிப்பு ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அவர் "உலூம்?" என்றபோது, ஒன்றுமில்லை, எல்லாம் நலம் என்று அரபியில் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்கு முந்தைய நாள் என் மகனைத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு காவல் நிலையத்தில் காலை எட்டரை மணியிலிருந்து மாலை ஐந்தரை மணி வரை உட்கார வைத்திருந்தார்கள். அவன் எதுவும் செய்யவில்லை. அவன் பெயர்தான் காரணம். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

அவன் பெயர் தஸ்தகீர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து தஸ்தகீர் ஏழுமலை. நாங்கள் முஸ்லிம்கள் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம், எத்தனை மொழிகளில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாரையோ தள்ளிவிட்டு நான் மட்டும் கரையேறுவதுபோல ஒரு அருவருப்பு வரும். ஆனாலும் சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, வாக்கியத்தைச் சொல்லி அலுத்துப்போய், பெயரையே மாற்றிவிடலாம் என்று அரசிதழ் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தேன். மாற்றுவதா, விடுவதா என்பதுதான் இந்தக் கட்டுரை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர்களுக்காகவும், ஊரிலேயே இருந்துகொண்டு எங்களுக்கு என்ன குறை என்று நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பெயரின் அர்த்தம் எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு மகானின் பெயர் என்று மட்டும் தெரியும். இங்கே வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது, அலுவலகத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் அவனை இஸ்லாமியப் பாட வகுப்பில் எழுதிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நீதிபோதனை வகுப்பு. ஒரு மாதம் கழித்து, சாப்பிட உட்கார்ந்த பிள்ளை அழகான உச்சரிப்பில் குர்ஆனிலிருந்து ஒரு சூராவைச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மறுநாள் போய் என் வாக்கியத்தைச் சொன்னேன். அலுவலகப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பிள்ளைக்கோ அந்த வகுப்பில் கொடுக்கும் மிட்டாய் போய்விட்டதே என்று அழுகை. என் கணவரின் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் ஓமன் நாட்டு அரபுக்காரர் இதற்கு நேர் எதிராக இருந்தார். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்கள் பெயர் இல்லையே, இந்துப் பெயரா என்று கேட்டார். முஸ்லிம் பெயர்தான் என்று என் கணவர் அவருக்கே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்குக்கூட இந்தப் பெயர் கிடையாது, நீங்கள் என்னைவிடப் பெரிய முஸ்லிமாக இருக்கிறீர்களே என்றாராம்.

முராத்தான் எனக்கு விளக்கினார். அவர் பலூச்சிக்காரர். அவருடைய முன்னோர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தஸ்த் என்றால் கை, கீர் என்றால் பிடிப்பவர். விழப்போகிறவனைக் கைப்பிடித்து நிறுத்துகிறவர். அரபிச் சொல் இல்லை, பாரசீகச் சொல். பல நூறு வருடங்களுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த பெரிய ஞானி ஒருவரை மக்கள் கூப்பிட்ட பட்டப்பெயர்களில் ஒன்று. நம் ஊரில் முகைதீன் என்று வைக்கிறார்களே, அதுவும் அவருடைய பட்டம்தான். பாரசீகத்திலிருந்து வட இந்தியாவில் பரவி, தக்காணத்துக்கு வந்து, அங்கிருந்து ஆந்திரா வழியாக எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறது. முஸ்லிம் நாடுகளிலேயே எல்லா இடத்திலும் தெரியாத ஒரு பெயர், எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஒரு காவலருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அந்தப் பக்கம் தஸ்தகிரி, மஸ்தானய்யா, மஸ்தானம்மா என்றெல்லாம் பெயர் வைத்த இந்துக்கள் வீட்டுக்கு வீடு உண்டு. சூளூர்ப்பேட்டையில் இருக்கும் என் கணவரின் தாய்மாமன் பெயர் மஸ்தானய்யா. வருடா வருடம் திருப்பதிக்கு நடந்தே போய் மொட்டை போடுகிறவர். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த ஊர்க்காரியான ரமணம்மாதான் எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். எனக்கு முதல் பிள்ளை ஐந்தாவது மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழாவது மாதத்தில் உள்ளேயே இறந்துபோனது. ஆய்வகத்தில் தின்னர் வாசனையோடு வேலை செய்வதால்தான் இப்படி ஆகிறதா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கம்பெனி டாக்டரிடம் கேட்டேன். ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும் ரமணம்மா கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ படிச்ச பொண்ணு, நம்ப மாட்ட. நம்பாமயே ஒருக்கா வா. பஸ்ஸுக்கு டப்பு நான் குடுக்கறேன்."

ஆரணி ஆற்றங்கரையில் பச்சை பூசிய சின்ன தர்கா அது. வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடும் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் சர்க்கரைப் பொட்டலம், ஊதுபத்தி. அந்த வரிசையில் பத்துக்கு எட்டு பேர் பொட்டு வைத்தவர்கள். இரண்டொருவர் கழுத்தில் சிலுவை. பிள்ளை தங்கினால் அவர் பெயரையே வைப்பதாக வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் எடுத்துப் போனபோது செய்ய வேண்டியதைச் சொன்னார்கள். படியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏழு அடி நடக்க வேண்டும். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் சாயபு பிள்ளையை எடுத்துக் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வார். பிறகு வேறொருத்தி அதை வாங்கி வந்து, யாருடைய பிள்ளையையோ தருவதுபோல நம்மிடம் தருவாள். நீங்க வளக்கறீங்க, புள்ள அவரோடது என்பார் சாயபு. ஏழு அடி நடந்து நின்றேன். பின்னால் பிள்ளை அழுகிறது. திரும்பக் கூடாது. அமிலத்தையும் காரத்தையும் கலந்தால் என்ன வரும் என்று கேட்டால் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த ஏழு அடியில் எதுவும் தெரியவில்லை. ரமணம்மா பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்து, "இந்தா, எவளோ உட்டுட்டுப் போயிட்டா, நீ வளத்துக்கோ" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கூப்பிடக் கஷ்டமாக இருக்கிறது என்று தஸ்து, தஸ்து என்று சுருக்கினார்கள். அவ்வளவுதான்.

முகச்சுளிப்பு முதன்முதலாக வந்தது அரசாங்க மேசையிலிருந்து. பத்தாவது முடிக்கும் சமயத்தில் அவனுக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. நாங்கள் இங்கே இருந்ததால் ஊரில் என் தம்பி குமார் அலைந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். லீவு போட்டுவிட்டுப் போய் நின்றவனிடம் வருவாய் ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, எப்ப மாறினீங்க என்பது. மாறவில்லை சார், வேண்டுதல் பெயர் என்று குமார் சொல்லியிருக்கிறான். மாறிவிட்டுச் சலுகைக்காக இந்து என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று என்றாராம் அவர். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் சாதிக்காரர்கள் மதம் மாறினால் சான்றிதழ் போய்விடும். சாதி போகாது, சான்றிதழ் மட்டும்தான் போகும். எட்டு முறை நடந்து, ஊரில் நாலு பேரிடம் எழுதி வாங்கி, எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவில் பிள்ளை காவடி எடுத்த போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு, இந்து ஆதிதிராவிடர் என்று எழுதிய தாள் கிடைத்தது. குமார் அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். பரீட்சையில் தேறியதுபோல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பொறியியல் படிக்கத் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்தோம். விடுதி ஒத்துக்கொள்ளவில்லை என்று வேப்பம்பட்டில் இரண்டு நண்பர்களோடு ஒரு சின்ன வீடு பிடித்துத் தங்கினான். வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டைக்காரர். ஊரில் நெல் நிலம் இருக்கிறது, ரயிலடி பக்கம் வாடகைக்கு நாலு வீடு கட்டி விட்டிருக்கிறார். வாடகை பேசும்போது மற்ற இரண்டு பையன்களும் போனார்கள், அதனால் பெயர் எதுவும் பிரச்சினையாகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் சென்னையில் ஏதோ ஒரு அலுவலகத்துக்கு மிரட்டல் மெயில் வந்திருக்கிறது. வாடகைக்கு இருக்கும் வெளியூர்ப் பையன்களின் விவரத்தைப் போலீஸ்காரர்கள் வீட்டுக்காரர்களிடம் கேட்டிருக்கிறார்கள். இவர் ஆதார் நகல்களைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். எடுக்கும்போதுதான் அவரே மூன்றாவது பெயரைச் சரியாகப் படித்தாராம்.

இங்கே ஞாயிறு வேலை நாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சைக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கழுவின பியூரெட்டுகளைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது குமாரிடமிருந்து போன்.

"அக்கா, பதறாத. ஸ்டேசன்ல கூப்ட்டு இன்னாவோ விசாரிக்கிறாங்களாம். நான் போய்க்கினு கீறேன்."

யாரை என்று கேட்டேன்.

"நம்ம தஸ்துவத்தான்."

"மத்த ரெண்டு பசங்க?"

வண்டிகள் போகிற ஓசை மட்டும் கேட்டது.

"அவனுங்க ஊட்ல கீறானுங்கக்கா."

அன்றைக்கு மாலை வரை நான் செய்ததெல்லாம் பியூரெட்டைக் கழுவியதுதான். கழுவியதையே திரும்பக் கழுவினேன். மகனின் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. என் கணவர் உலைக்குப் பக்கத்தில் இருந்தார், உள்ளே போன் கொண்டுபோக முடியாது. உள்ளே நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். போவதில்லை என்றிருக்கிறான். ஏன் போவதில்லை, யார் போகாதே என்று சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் முஸ்லிம்கள் இல்லை என்றிருக்கிறான். ஆதாரில் அப்பா பெயர் ஏழுமலை. அப்படியானால் எப்ப மாறினே என்று அதே கேள்வி. மாறவில்லை என்றால், பதினாலு வருடம் ஓமனில் என்ன செய்தாய், அங்கே யார் யாரைத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், கிரிக்கெட் ஆடிய மைதானத்தையும், முராத்தையும்தான். முராத் என்ற பெயரைச் சொன்னதும் அதைத் தனியாக எழுதிக்கொண்டார்களாம். என் பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவன் என்று எல்லாத் தாய்களும் சொல்வதைப்போல நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் பொய்யைவிட மோசமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

குமார் கம்பெனிச் சட்டையோடு மதியம் மூன்று மணி வரை வெளியே நின்றிருக்கிறான். உள்ளே விடவில்லை. பிறகு அவனுக்குச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஐந்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "தாளப் பாத்தாங்க, உட்டுட்டாங்கக்கா. இனிமே ஒண்ணியும் பேஜாரு இல்ல" என்றான். ஆய்வகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தத் தாளை வாங்க எட்டு முறை அலைந்த என் தம்பியை மனசுக்குள் கும்பிட்டேன். அந்தத் தாள் என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து போகிற வீடு என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களாம். குமார் அவரைக் கூப்பிட்டு, நாங்கள் இந்துக்கள்தான், பெயர் மட்டும்தான் அப்படி என்று விளக்கியிருக்கிறான். வீட்டுக்காரரின் குரலே மாறிவிட்டதாம். "இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா தம்பி. நானும் பசங்களப் பாத்துட்டு நல்ல பசங்கன்னுதான் நெனச்சேன்" என்றாராம். பிறகு, கும்மிடிப்பூண்டியில் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். சொன்னான். "ஊர்லியா, காலனிலியா?" என்று கேட்டிருக்கிறார். அதையும் சொன்னான். சரி சரி என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, வீடு எங்களுக்கே தேவைப்படுகிறது, பதினைந்து நாளில் விட்டுவிடுங்கள் என்றாராம். முஸ்லிம் என்று நினைத்தபோது ஒரு மாதம் கொடுத்தவர்.

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் புரிந்துகொள்ள விரும்பவில்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்று இருந்தது. தெருவை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பெயரைச் செய்யலாம். இறுதி வருட மதிப்பெண் பட்டியல் அச்சாவதற்குள் மாற்றினால் வேலைக்குப் போகும்போது புதுப் பெயரோடு போகலாம். விண்ணப்பத்தை இறக்கிப் பிரின்ட் எடுத்தேன். பழைய பெயர், புதிய பெயர், காரணம். புதுப் பெயருக்காக மூன்று வாரம் தேடினேன். எங்கள் தெருவில் வழக்கமாக வைக்கிற பெயர் வேண்டாம், அது தெருவைச் சொல்லிவிடும். சாமி பெயர் வைத்தால் எந்தச் சாமி என்பது ஒன்றைச் சொல்லும். சுத்தமான தமிழ்ப் பெயர் வைத்தால் எந்தக் கட்சி என்பார்கள். எதிலும் ஒட்டாத பெயராக, கையில் பிடித்தால் வழுக்குகிற பெயராக வேண்டும். கடைசியில் தருண் என்று முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வச்சதும் நீ, எடுக்கறதும் நீயே எடு. என்னக் கேக்காத" என்றார். கூடவே, ஏழுமலையை மட்டும் எடுத்துவிடாதே என்று சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு ஒரு பயம் மிச்சம் இருந்தது. படித்தவள் சொல்லக் கூடாத பயம். படியில் வைத்துவிட்டு வாங்கி வந்த பிள்ளையின் பெயரை எடுத்தால் என்ன ஆகும் என்பது. ரமணம்மாவை போனில் பிடித்தேன். இப்போது தடாவில் மகளோடு இருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடுத்துக்கோ தல்லி. அவரு இன்னா கேஸா போடப்போறாரு?" என்றாள். பிறகு, பையன் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் விண்ணப்பத்தைக் கிழித்துப்போட எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

பரீட்சை முடிந்து மகன் இங்கே வந்தான். இருபத்தொரு வயது ஆகிவிட்டதால் இனி அப்பாவின் பேரில் அவனுக்குக் குடியிருப்பு விசா கிடையாது, சுற்றுலா விசாவில்தான் வர முடியும். மஸ்கட் விமான நிலையத்தில் இருந்த அதிகாரி, ஓமனுக்கு முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவன் அரபியில், நான் இங்கேதான் வளர்ந்தேன், சோஹாரில் என்றிருக்கிறான். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டு, வெல்கம், வெல்கம் என்று சொல்லி, அதே சுற்றுலா முத்திரையைக் குத்தி அனுப்பினார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். காவல் நிலையத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தை அவன் முன்னால் வைத்தேன். அவனுக்கு வயது வந்துவிட்டது, அவன் கையெழுத்து இல்லாமல் நடக்காது. முழுதாகப் படித்தான். காரணம் என்கிற இடத்தில், சொந்த விருப்பம் என்று நான் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தான்.

"மா, ஒண்ணு சொல்லவா? அன்னிக்கிக் காலையிலேர்ந்து என்ன சேர்லதான் ஒக்கார வச்சிருந்தாங்க. மெரட்டினாங்க. ஆனா வாங்க போங்கன்னுதான் பேசினாங்க. தண்ணி வேணுமான்னு ரெண்டு தபா கேட்டாங்க."

அதனால் என்ன என்பதுபோல நான் பார்த்தேன்.

"மாமா சர்ட்டிபிகேட்டக் குடுத்தாரு இல்ல. அத்த அந்த எஸ்.ஐ. படிச்சாரு. சிரிச்சாரு. அட, இவனுங்களாய்யா, இத்தக் காலைலியே சொல்றதுக்கு இன்னா உனக்குன்னாரு. நான் எழுந்து நின்னேன். அதுக்கப்பறம் யாரும் ஒக்காரச் சொல்லல. பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. டேபிள் மேல ஆறு டீ கிளாஸ் இருந்திச்சி. டேய், போம்போது அந்த கிளாஸெல்லாம் எடுத்துக்கினு போய் டீக்கடையில குடுத்துட்டுப் போங்கடான்னாரு."

கேட்கக் கூடாத கேள்வியைத்தான் கேட்டேன்.

"குடுத்தியா?"

"மாமா மூணு எடுத்தாரு. நான் மூணு எடுத்தேன்."

குமார் இதை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருக்க மாட்டான். ஐம்பது டன் இரும்பை அந்தரத்தில் தூக்கி நிறுத்துகிறவன், மருமகனோடு சேர்ந்து விரலிடுக்கில் மூன்று கிளாஸைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்ததை அக்காவிடம் எப்படிச் சொல்லுவான். மகன் விண்ணப்பத்தில் புதிய பெயர் என்ற இடத்தின்மேல் விரலை வைத்தான்.

"தருண்னு போட்டா கிளாஸ் எடுக்கச் சொல்ல மாட்டாங்களா மா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையில் பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, ஆனாலும் ஒரு தாய் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

"ஒம்பது மணி நேரம் உள்ள வைக்க மாட்டாங்க."

"அதுவும் கரெக்ட்டுதான்" என்றான். பேனாவை வாங்கிப் பழைய பெயரில் கையெழுத்துப் போட்டான். நான் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. சண்டை போடுவான், மறுப்பான், நான் அழுவேன் என்று மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. இரண்டில் எது குறைந்த அவமானம் என்று கணக்குப் போட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவனும் கணக்கைப் புரிந்துகொண்டான். அவன் எழுந்துபோய்த் தன் தட்டைக் கழுவினான். என் தட்டையும் எடுத்தான். வேண்டாம், வை என்று நான் கத்திவிட்டேன். எதற்குக் கத்தினேன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவன் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

விண்ணப்பத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. அனுப்ப மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. கல்லூரி நாளைத் தள்ளிப்போடாது. ஒரு நாள் காலை, அனுப்பிவிட வேண்டும் என்று இருக்கிறது, அந்த நிலையத்தின் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மறுநாள் காலை, அனுப்பக் கூடாது என்று இருக்கிறது, அவன் நின்றுகொண்டிருப்பது தெரிகிறது. என் பிள்ளையை யாராவது கைப்பிடித்து நிறுத்துவார்கள் என்று நம்பி வைத்த பெயரை, பிள்ளை விழாமல் இருப்பதற்காகவே எடுக்க வேண்டியிருக்கிறது. இது எந்த நாட்டு நியாயம் என்று கேட்டால், என் நாட்டு நியாயம்தான். இந்த நாட்டில் இப்படி இல்லை என்று பெருமையாகச் சொல்லவும் எனக்கு வழியில்லை. இந்த நாடு என் பிள்ளையை நன்றாக விசாரித்தது, பதினாலு வருடம் வைத்துக்கொண்டது, வயது வந்ததும் சுற்றுலாப் பயணி என்று முத்திரை குத்தியது. எங்களையும் ஒரு நாள் குத்தி அனுப்பும்.

போன வாரம் அவனை வழியனுப்ப மஸ்கட் போனோம். சென்னை விமானத்துக்கு நீண்ட வரிசை. கட்டிடவேலைக்காரர்கள், ஓட்டுநர்கள், எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. அவன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டான், என்னிடம் தலையாட்டினான், தடுப்பைத் தாண்டி வரிசையில் போய் நின்றான். விண்ணப்பம் என் கைப்பையில் இருந்தது. திடீரென்று அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது, அனுப்பட்டுமா, வேண்டாமா, நீயே சொல் என்று. வாயைத் திறந்துவிட்டேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பழையது, கையெழுத்துப் போட்டு விட்டுவிடும்படி நானே அவனிடம் சொன்ன பெயர். புதியதை நான் இதுவரை வாய்விட்டு ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தம்பி என்று கூப்பிட்டேன். வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டைப் பெயர் இருக்கும் பக்கத்தில் விரித்துப் பிடித்தபடி, முன்னால் நின்றவர் நகர்ந்ததும் ஒரு அடி நகர்ந்தான்.